கொள்ளி வைத்த கை

மருதங்காடு அரண்மனை
9-4-1972

தம்பி கோவிந்தராஜுக்கு ஜெகநாதன் எழுதுவது.

பதினான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கண் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று சொல்லி அய்யா போன மாதக் கடைசியில் சென்னைக்குப் போனார். துணைக்குக் காரியஸ்தர் பக்தவத்சலத்தை அனுப்பினேன். ஆறாம் நாள் பக்தவத்சலம் மட்டும் திரும்பி வந்து என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ராஜா போர்ட் பிளேர் கப்பல்ல ஏறிட்டாக. சின்னவரப் பாக்கணும்னு ஒரே பிடிவாதம். தடுக்க எனக்கு நாக்கு எழும்பல" என்றார். உன் விலாசமும் அவரிடம்தான் கிடைத்தது. அய்யா எழுபத்தாறு வயதில், நெஞ்சுவலியோடு, தனியாகக் கடல் தாண்டிப் போயிருக்கிறார்.

நம் வீட்டு முறையை நீ மறந்திருக்க மாட்டாய். ஜமீன் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. நிலம் போயிற்று, ஊர்கள் போயின. மிஞ்சியிருப்பது விஜயதசமியன்று காட்டுநாச்சி கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொண்டு முதல் அம்பு போடுகிற உரிமை ஒன்றுதான். மருதங்காட்டு ராஜா என்பதற்கு இன்றைக்கு வேறு அர்த்தம் கிடையாது. முந்தைய ராஜாவுக்குக் கொள்ளி வைத்த மகன்தான் அந்த அம்பைப் போடலாம். அய்யா அங்கே கண்ணை மூடினால் கொள்ளி உன் கையில். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நீ வரவழைத்தாயா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் இல்லை என்பாய். அடுத்த கப்பலிலேயே அவரை ஏற்றித் திருப்பி அனுப்பு.

ஜெகநாதன்

*

ஹட் பே, சின்ன அந்தமான்
27-4-1972

அண்ணன் அவர்களுக்கு,

அய்யா இங்கேதான் இருக்கிறார். நான் வரவழைக்கவில்லை. நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்ததே எனக்குப் புதிய செய்தி.

இம்மாதம் எட்டாம் தேதி அலைத்தடுப்பு வேலையில் கல் கொட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இந்திராணி ஓடி வந்தாள். அவள் போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழும் ஹிந்தியும் கலந்துதான் பேச வரும். "ஜல்தி வாங்க. ஜெட்டியில ஒரு புட்டா ஆத்மி, வயசானவரு, உக்காந்துட்டு உங்க பேரச் சொல்றாரு. எந்திரிக்க மாட்டேங்கிறாரு" என்றாள். படகுத்துறைக்குப் போய்ப் பார்த்தேன். அரிசி மூட்டையின் மேல் ஜரிகைத் துண்டோடு அய்யா. படகில் வந்த களைப்பில் உதடு வெளுத்திருந்தது. "வீடு எத்தன தூரம்லே?" என்றார், நேற்று மாலைதான் பிரிந்தவர் மாதிரி.

மருந்தகத்து டாக்டர் பார்த்துவிட்டு, இதயம் மிகவும் பலவீனம், அலைக்கழிக்கக் கூடாது என்கிறார். இங்கே குடியேறியிருக்கும் வங்காளிகள் 'ராஜா பாபு' என்று கூப்பிட்டு வாழைக்காயும் மீனும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கூரைக்குத் தகரம் போட்ட இரண்டு அறை வீட்டில் அவர் இரண்டு வேளை தர்பார் நடத்துகிறார்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்குக் குழந்தைகள் உண்டா என்று ஒரு வரி கேட்கவில்லை. இரண்டு பெண்கள். பதினான்கு வருஷத்துக்கு முன் அந்த விஜயதசமியில் அம்மன் சந்நிதியில் வைத்து அய்யாதான் வில்லை என் கையில் கொடுத்தார். நான் கேட்டு வாங்கவில்லை. நீங்கள் பிடுங்கித் தள்ளியதில் நான் கோயில் படியில் உருண்டேன். "இளையா மகனுக்கு வில்லு எதுக்கு?" என்று ஊர் கேட்கச் சொன்னீர்கள். பெண்கள் கூட்டத்தில், அய்யாவின் இளைய தாரமான என் அம்மாவும் நின்றிருந்தாள். அந்த வாரமே நான் ஊரை விட்டேன்.

போர்ட் பிளேருக்கு மே பதினெட்டாம் தேதி படகு போகிறது. அங்கிருந்து இருபதாம் தேதி சென்னைக்குக் கப்பல். அய்யா ஏறச் சம்மதித்தால் அனுப்புகிறேன்.

கோவிந்தராஜ்

*

மருதங்காடு
9-5-1972

தம்பிக்கு,

'சம்மதித்தால்' என்ற சொல்லை எங்கே கற்றாய்? என்னை ஏமாற்ற அய்யா பேசுகிற பாஷை அது.

உன் அம்மாவைப் பற்றி நான் சொன்னது தப்பு. அவர்கள் இருந்தபோதே காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ போனது உனக்கு விடுதலை. நான் இங்கே பதினான்கு வருஷம் அவருக்குக் கால் பிடித்துவிட்டேன். ஒரு நாள் தவறாமல் காலையில் கண் விழித்ததும் "கோவிந்தராசு" என்றுதான் என்னைக் கூப்பிட்டார். பெயரை மறந்து அப்படிக் கூப்பிடவில்லை. என் முகம் மாறுவதைப் பார்த்துவிட்டு, பிறகு "நீயா?" என்பார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது, சொல்கிறேன். பட்டம் எனக்குத்தான் என்று அவர் கைப்பட எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. 1958 ஆகஸ்டு 20. 'எனக்குப் பின் மருதங்காட்டுப் பட்டமும் காட்டுநாச்சி முதல் மரியாதையும் என் மனம் அறிய இவனுக்கே. மற்றவன் அறியாதிருக்கட்டும், வீட்டில் கலகம் வேண்டாம்.' கீழே கையெழுத்து, முத்திரை. அதை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவன், அடுத்த விஜயதசமியில் வில் உன் கையில் போவதைப் பார்த்தால் என்ன செய்வேன்? நீயே சொல்.

ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பூசாரி குழந்தைவேலு நேற்று என்னைப் பார்த்து, "சின்னவுக வாராகளா?" என்று கேட்டான். மே பதினெட்டாம் தேதி அவர் படகில் இருக்க வேண்டும்.

ஜெகநாதன்

*

ஹட் பே
22-5-1972

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அலைத்தடுப்பின் முனையில் நின்று படித்தேன். படித்து முடித்து வீட்டுக்கு ஓடி என் தகரப் பெட்டியைத் திறந்தேன். என்னிடமும் ஒரு தாள் இருக்கிறது. 'எனக்குப் பின் மருதங்காட்டுப் பட்டமும் காட்டுநாச்சி முதல் மரியாதையும் என் மனம் அறிய இவனுக்கே. மற்றவன் அறியாதிருக்கட்டும்.' அதே கையெழுத்து, அதே முத்திரை. தேதி மட்டும் ஆகஸ்டு 19. உங்களுக்கு முந்தின நாள்.

இரண்டு தாளிலும் பெயர் இல்லை, கவனித்தீர்களா? 'இவனுக்கே' என்றுதான் இருக்கிறது. பதினான்கு வருஷத்தில் நாம் இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

தாளை எடுத்துப் போய் அய்யா முன்னால் வைத்தேன். அவர் கட்டிலில் சாய்ந்து பப்பாளி தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணனுக்கும் இதே மாதிரி எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"ஏன்?"

வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒருத்தனுக்குன்னு சொல்லிட்டா மத்தவன் ஏன்லே வாரான்? சர்க்கார்காரன் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டான். வாசல்ல ஒருத்தன் நிக்கல. நீங்க ரெண்டு பேருதான் பொழுது விடிஞ்சா என் மூஞ்சியப் பாத்துட்டு நின்னீங்க. எனக்கு மிஞ்சின ராச்சியம் அதான்" என்றார்.

"அண்ணன் என்னைத் தள்ளினப்ப?"

"பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார். அழவில்லை. மேலும் ஒரு துண்டு பப்பாளி கேட்டார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் அவர் மாதிரி ஆகிவிடுவேன். மே பதினெட்டாம் தேதிப் படகுக்கு அய்யாவுக்குச் சீட்டு வாங்கியிருந்தேன். படகுக்காரரிடம் போய், அவருக்குக் காய்ச்சல், ஏற்ற முடியாது என்று நான்தான் சொன்னேன். காய்ச்சல் இல்லை. அன்றைக்கு அவர் ஏறினாலும் ஏறியிருப்பார். எனக்கு அந்த அம்பு வேண்டும், அண்ணன். வேண்டாம் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் இந்தக் கல்லையும் கடலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டும் என்பது அவர் வந்த பிறகுதான் தெரிகிறது. இருப்புக் கொள்ளவில்லை.

நீங்களே புறப்பட்டு வாருங்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டது, சீக்கிரம்.

கோவிந்தராஜ்

*

போர்ட் பிளேர்
16-6-1972

தம்பிக்கு,

வந்து ஐந்து நாளாகிறது. கடல் கொந்தளிப்பாக இருப்பதால் ஹட் பே படகை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்று ரேஷன் ஏற்றிக்கொண்டு பெரிய கப்பல் ஒன்று உங்கள் பக்கம் போகிறது, பயணிகளை ஏற்ற மாட்டார்களாம். அதில் வேலை பார்க்கும் ஒருவர் கையில் இதைக் கொடுக்கிறேன்.

உன் கடிதத்தை முதலில் நம்பவில்லை. என் தாளை எடுத்து இருபது தடவை படித்தேன். பெயர் இல்லை. உன் காய்ச்சல் பொய்யைப் படித்தபோது வந்த கோபம் இரண்டு நாள் இருந்தது. பிறகு யோசித்தேன். உன் இடத்தில் நான் இருந்தால் படகுக்காரரிடமே போயிருக்க மாட்டேன், படகு வருகிற தேதியையே அய்யாவிடம் மறைத்திருப்பேன்.

சாகுல் ஹமீது என்பவர் கடை மாடியில் தங்கியிருக்கிறேன். நம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், பஜாரில் பாத்திரக் கடை. தினமும் டிக்கெட் ஆபீஸ் வரிசையில் போய் நிற்கிறேன். முதல் நாள் ஜன்னலுக்குள் இருந்தவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்து, "காம் க்யா ஹை?" என்றார். எனக்குப் பின்னால் நின்ற ஒரு மலையாளி, "என்ன வேலைன்னு கேக்கறார்" என்றார். என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. ஐம்பது வயது ஆகிறது எனக்கு. கடைசியில் 'விவசாயம்' என்று சொன்னேன். நான் ஒரு நாளும் ஏர் பிடித்ததில்லை.

பகலெல்லாம் நடக்கிறேன். பஜாரிலிருந்து மின்னி பே வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். படகு உண்டா என்று விசாரிக்கிறேன். மறுபடி நடக்கிறேன். "தம்பி வூட்டுக்குப் போறதுக்கு இம்புட்டு தவிப்பா?" என்று சாகுல் ஹமீது சிரித்தார். தம்பி வீட்டுக்குப் போகிறேனா, அய்யாவைப் பிடித்துக்கொண்டு வரப் போகிறேனா என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு என்ன பதில் சொல்வது?

அவர் எப்படி இருக்கிறார்?

ஜெகநாதன்

*

ஹட் பே
20-6-1972

அண்ணனுக்கு,

அதே கப்பல் திரும்புவதால் அவசரமாக எழுதுகிறேன். அய்யா மூன்று நாளாக எழுந்திருக்கவில்லை. கஞ்சி மட்டும்தான். கால் வீங்கியிருக்கிறது. டாக்டர் நாள் குறிக்கவில்லை, ஆனால் தினமும் இரண்டு தடவை வந்து போகிறார்.

நீங்கள் போர்ட் பிளேர் வரை வந்துவிட்டதைச் சொன்னேன். "ரெண்டு பேரும் வந்துட்டீங்களா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது தெரியவில்லை, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். இந்திராணிதான் மிச்சத்தை ஊட்டினாள். "அவர் பீமார் ஆத்மி. அவர்கிட்ட என்ன ஹிஸாப்?" என்றாள். நோயாளியிடம் கணக்குப் பார்ப்பதா என்று என்னைத் திட்டினாள்.

இருபத்தைந்தாம் தேதி படகு விடலாம் என்று வயர்லெஸ் நிலையத்தில் சொல்கிறார்கள். எப்படியாவது அதில் ஏறுங்கள். கொள்ளியைப் பற்றி எழுதுகிறேன் என்று கோபிக்காதீர்கள். நீங்கள் வரும்வரை காத்திருப்பேன், என்னால் முடிந்த மட்டும்.

கோவிந்தராஜ்

*

ஹட் பே
26-6-1972

அண்ணனுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அய்யா இருபத்துநாலாம் தேதி காலை ஏழு மணிக்குப் போய்விட்டார். மூச்சு வாங்கியது, பிறகு வாங்கவில்லை. கடைசியில் பெயர் எதையும் சொல்லவில்லை. நான் உற்றுக் கேட்டேன், ஆதலால் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அன்று முழுதும் காத்திருந்தேன். மறுநாள் உங்கள் படகு புறப்பட்டுவிட்டது என்று செய்தி வந்ததும் எல்லோரிடமும் சொல்லி நிறுத்தி வைத்தேன். மழை விட்டு விட்டுப் பெய்தது. குடியேற்றத்துப் பெரியவர்கள் காட்டிலிருந்து காய்ந்த கட்டையாகத் தேடி எடுத்து வந்து தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு வயர்லெஸ்காரர் சைக்கிளில் வந்து, கடல் மோசம், படகு பாதி வழியில் திரும்பிவிட்டது என்றார். உடல் அதற்கு மேல் தாங்காது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

நான் வைத்தேன்.

எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். பட்டம் நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. நெருப்பைக் கையில் வாங்கிய நொடியில் அதுதான் வந்தது. அப்பா செத்துப்போனார் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்காக என்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

இங்கே இருந்தவர்கள் யாரும் நம் ஊர்க்காரர்கள் இல்லை. மருதங்காட்டில் எவருக்கும் எதுவும் தெரியாது. நீங்கள் நேரத்துக்கு வந்து சேர்ந்தீர்கள், நீங்கள்தான் வைத்தீர்கள் என்று ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள். கேட்டால் நானும் அப்படியே எழுதித் தருகிறேன். அஸ்தியைக் கலயத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். வாருங்கள்.

கோவிந்தராஜ்

*

போர்ட் பிளேர்
8-7-1972

தம்பிக்கு,

நாளைக் காலை எனக்குக் கப்பல். அஸ்திக் கலயம் பத்திரமாக இருக்கிறது.

உன் வீட்டில் நாலு நாள் இருந்தேன். நாம் பேசியது எல்லாம் சேர்த்தால் இந்தத் தாளில் பாதி வராது. நீ சாம்பல் கிடந்த இடத்தைக் காட்டினாய், நான் பார்த்தேன். நீ வேலைக்குப் போனாய், நான் கடலோரத்தில் நடந்தேன். உன் சின்னவள் மங்கையர்க்கரசி என்னை 'தாவூ' என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். பெரியப்பாவுக்கு இங்கே அதுதான் சொல் என்று இந்திராணி சொன்னாள். புறப்படும்போது உன் தோளில் கை வைக்க நினைத்தேன். ஜெட்டியில் கூட்டம். வைக்கவில்லை.

நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். நீ சொன்னபடியே சொல்லிக்கொள்கிறேன். கொள்ளி வைத்தது நான்தான் என்று. உன்னிடம் அதை வாங்கிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வாங்கிக்கொள்கிறேன். அது இல்லாவிட்டால் அந்த வீட்டில் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு ஓவர்சியர் வேலை இருக்கிறது, மனைவி, பெண்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒன்றுதான்.

நீ எழுதித் தர வேண்டாம். என் வாய்ச்சொல் போதும்.

ஜெகநாதன்

*

ஹட் பே
11-9-1972

அண்ணனுக்கு,

கருமாதி முடிந்த செய்தி வந்தது. விஜயதசமிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

இரண்டு மாதமாக என் மனம் ஒரு நிலையில் இல்லை. கொடுத்துவிட்டோம் என்று ஒரு நாள் நிம்மதியாக இருக்கிறது. மறுநாள் கொட்டிய கல்லைத் திரும்ப எண்ணச் சொல்லி ஆட்களைச் சத்தம் போடுகிறேன். இந்திராணி என்னோடு பேசப் பயப்படுகிறாள். நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்ததாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நான் வந்து அந்த வில்லைப் பிடித்தால் என் பெண்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி வைத்து வேடிக்கை பார்ப்பேனோ என்று பயம். அந்தப் பயத்தில்தான் கொடுத்தேன்.

கொடுத்ததைத் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் அம்பு போடுகிற நேரத்தில் நான் இங்கே என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வேறு யாரும் இல்லை, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கோவிந்தராஜ்

*

மருதங்காடு
19-10-1972

தம்பிக்கு,

விஜயதசமி முடிந்து இரண்டு நாள் ஆகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேளத்தோடு கோயிலுக்குப் போனேன். கூட்டம் அதிகம். அய்யா போன பிறகு முதல் வருஷம், புது ராஜாவைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். சந்நிதியில் வில்லும் அம்பும் வைத்திருந்தது. பூசாரி குழந்தைவேலு தட்டில் பரிவட்டத்தை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான். வழக்கப்படி எல்லோரும் கேட்கும்படி உரக்கக் கேட்டான்: "ராஜாவுக்குக் கொள்ளி வச்ச கை எது?"

அதற்குக் கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். வாய் திறக்கவே வேண்டாம். மூன்று மாதமாக ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன், யாரும் சந்தேகப்படவில்லை. நான் கையை நீட்டினேன். பாதி நீட்டியிருப்பேன், நீ எழுதியது நினைவு வந்தது. நெருப்பை வாங்கியதும் பட்டம்தான் ஞாபகம் வந்தது, அப்புறம்தான் அப்பா என்று எழுதினாயே, அது. நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு அந்த 'அப்புறம்' இன்னும் வரவே இல்லை. தந்தி வந்த நாளிலிருந்து அன்று சாயங்காலம் வரைக்கும் நான் அய்யாவுக்காக ஒரு சொட்டு அழவில்லை, தம்பி. அம்பு, அம்பு என்றே இருந்திருக்கிறேன்.

"என் கை இல்ல. என் தம்பி கோவிந்தராசு கை. நான் போய்ச் சேரல, படகு திரும்பிடுச்சு. இத்தன நாளு உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார், பக்கத்திலிருந்தவர் அடக்கினார். குழந்தைவேலு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு பரிவட்டத்தை மறுபடி அம்மன் காலடியில் வைத்துவிட்டான். அம்பு போடாமலே ஊர் கலைந்தது. என் நினைவில் அப்படி நடந்ததில்லை. தெருவில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நான் வீட்டுக்கு வந்து அய்யாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அழுகை அப்போதுதான் வந்தது. நெடுநேரம் நிற்கவில்லை. பக்தவத்சலம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் குழந்தைவேலு வந்தான். "அப்ப சின்னவுக எப்ப வருவாக?" என்று கேட்டான். தெரியாது, எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

எப்போது வருகிறாய்?

ஜெகநாதன்

*

ஹட் பே
6-11-1972

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை இந்திராணிக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், மீதியை அவளே மெதுவாகப் படித்து முடித்தாள். படித்துவிட்டு, "லீவ் போடுங்க" என்றாள்.

போட்டுவிட்டேன். பிப்ரவரியில் ஆறு வாரம் கிடைக்கும். நாலு பேருக்கும் சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். கோயிலில் ஒரு விசேஷமும் இல்லாத மாதமா என்று பஞ்சாங்கம் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் தேதி கொடுத்தேன். குழந்தைவேலுவிடம் அதைச் சொல்லிவிடுங்கள், மேளம் எதுவும் வேண்டாம். பெண்கள் இரண்டு பேரும் ரயில் பார்த்ததில்லை. நீங்கள் சென்னைக்கு வந்தால் எல்லோரும் சேர்ந்தே ரயில் ஏறலாம்.

அம்பை யார் போடுவது, போடத்தான் வேண்டுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசுவோம். அய்யா நடுவில் இல்லாமல் நாம் இரண்டு பேரும் ஓர் அறையில் உட்கார்ந்து எதையும் பேசியதில்லை. எனக்கு ஐந்து வயதிலிருந்து யோசித்துப் பார்த்தேன், ஒரு தடவைகூட இல்லை.

உங்கள் தம்பி
கோவிந்தராஜ்